கிணற்றுத் தண்ணியில் ஹும்முஸ்: யாழ்ப்பாணக் குசினிக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை நான் செய்த ஹும்முஸை அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எள்ளுப்பாகுக்குச் சீனி போட மறந்திட்டியோ பிள்ளை?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கடலை, எள்ளு, தேசிக்காய், உள்ளி, உப்பு; இதில் எது எங்கள் குசினிக்குப் புதிது? அன்று பிழைத்தது வேறு விஷயம். வாயில் வைத்தால் ஈர மண் மாதிரிக் கரகரத்தது. கிறைண்டரைக் குறை சொன்னேன், பிறகு கடலையைக் குறை சொன்னேன். நாலைந்து தடவை செய்த பிறகுதான் குற்றவாளி எங்கள் கிணறு என்று பிடிபட்டது. அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

ஹும்முஸ் என்பது அரபியில் கடலைக்குப் பெயர். நாங்கள் சாப்பிடும் பண்டத்தின் முழுப்பெயர் ஹும்முஸ் பி தஹீனா, அதாவது எள்ளு விழுது சேர்த்த கடலை. தஹீனா போடாமல் கடலையையும் எண்ணெயையும் அரைத்து வைத்துவிட்டு அதை ஹும்முஸ் என்பது, தேங்காய் போடாத தேங்காய்ச் சம்பல் மாதிரி. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் கடலை என்றால் கொண்டைக்கடலை. நீங்கள் கடலை என்று சொல்வது எங்களுக்குக் கச்சான். கச்சானை அரைத்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.)

லெபனான், சிரியா, பலஸ்தீனம், ஜோர்தான், இஸ்ரேல் எல்லாம் இதற்கு உரிமை கோருகின்றன. சண்டை எவ்வளவு தூரம் போனது என்றால், 2010 மே மாதம் லெபனானில் 300 சமையற்காரர்கள் கூடி 10,452 கிலோ ஹும்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். 10,452 என்பது லெபனானின் பரப்பளவு, சதுரக் கிலோமீற்றரில். இணையத்தில் ஆங்கிலத்தில் எங்கள் ஊர்ப் பெயரையும் ஹும்முஸையும் சேர்த்துத் தேடினால் ஜஃபா என்ற மத்தியதரைக் கடலோர நகரம் வந்து நிற்கும். அதுவும் ஹும்முஸுக்குப் பேர்போன ஊர். ஒரு எழுத்து வித்தியாசத்தில் எங்களுக்கு அந்தப் பேர் தப்பிப் போயிற்று.

கடலை வாங்குவது

கடைகளில் இரண்டு வகை இருக்கும். சுண்டலுக்கு வாங்கும் சின்ன மண்ணிறக் கடலை ஒன்று. அதைவிடப் பெரிய, வெளிறிய வெள்ளைக் கடலை மற்றது. உங்களுக்கு வேண்டியது வெள்ளை. மண்ணிறக் கடலையில் செய்தாலும் உருசி கெடாது. ஆனால் அதன் தோல் தடிப்பு, அரைபட மறுக்கும், நிறமும் சேறு மாதிரி வரும்.

வகையைவிட வயது முக்கியம். வெக்கையிலும் ஈரப்பதனிலும் மாதக்கணக்காகக் கிடந்த கடலை எவ்வளவு நேரம் அவித்தாலும் உள்ளுக்குள் ஒரு கட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் சாக்கு கெதியாகக் காலியாகும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போகும்போது வாங்குவேன். ஒரு பிடியை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். கையில் மா ஒட்டினாலோ சின்ன ஓட்டைகள் தெரிந்தாலோ அங்கே வண்டு முன்பே குடியிருந்துவிட்டது.

கடலையின் தோலோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி, வடைக்குப் போடும் கடலைப்பருப்பு. தோல் ஏற்கனவே போய்விட்டது, கெதியாக அவியும். மஞ்சள் கூடும், வடை வாசம் இலேசாக எட்டிப் பார்க்கும். வீட்டுக்காரருக்குச் செய்யலாம், விருந்தாளிக்கு வேண்டாம். ரின்னில் (தகர டப்பாவில்) அடைத்த கடலையும் பரவாயில்லை: 400 கிராம் ரின்னை வடித்தால் 240 கிராம் அளவு கடலை கிடைக்கும். அதை அப்படியே அரைக்காமல், ஒரு சிட்டிகை அப்பச்சோடாவோடு இன்னும் 15, 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். ரின்காரர்கள் கடலையைச் சலாட்டுக்கு ஏற்ற பதத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

தஹீனா

சூப்பர் மார்க்கெட்டில் சில நாள் இருக்கும், பல நாள் இராது, இருந்தால் விலை நெஞ்சை இறுக்கும். அதனால் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும்போது சொல்லி விடுவது வழக்கமாகிவிட்டது. போன வருடம் மச்சாள் கனடாவிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தார். மூடி இளகி, சூட்கேசில் இருந்த கூறைச்சேலை எண்ணெய் குடித்திருந்தது. அன்றைக்கே வீட்டில் தஹீனா அரைக்கப் பழகிவிட்டேன்.

தோல் நீக்கிய வெள்ளை எள்ளு 200 கிராம் எடுங்கள். கறுப்பு எள்ளு எள்ளுப்பாகுக்கும் நீத்தார் கடனுக்கும் சரி, இதற்குக் கைக்கும். தாச்சியை மெல்லிய நெருப்பில் வைத்து எள்ளைப் போட்டு, அகப்பையை நிறுத்தாமல் கிளறுங்கள். மூன்று நாலு நிமிடத்தில் வாசம் கிளம்பும், ஒன்றிரண்டு வெடிக்கும். அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். எள்ளுப்பாகுக்கு வறுப்பது போலப் பொன்னிறம் வரும்வரை காத்திருந்தால் தஹீனா கைத்துவிடும். இறக்கிய பிறகும் தாச்சியின் சூடு வறுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் உடனே ஒரு தட்டில் கொட்டிப் பரப்புங்கள்.

ஆறியதும் கிறைண்டரின் சின்னச் சாடியில் போட்டு விட்டு விட்டு அரையுங்கள். முதலில் மா, பிறகு ஈர மண், பிறகு சாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல ஒரு கட்டம். அங்கே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வழித்து நடுவில் தள்ளி, இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு அரைத்தால் சட்டென்று இளகி, கரண்டியிலிருந்து நாடா போல வழியும். எண்ணெய் மணமில்லாததாக இருந்தால் நல்லது. நான் அதில் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்ப்பேன், எள்ளுக்கு எள்ளெண்ணெய் பகையில்லை. இடையிடையே கிறைண்டருக்கு ஓய்வு கொடுங்கள், மோட்டர் எரிந்த வாசம் தஹீனா வாசத்தைவிட வலிது.

கடைத் தஹீனாவில் எண்ணெய் மேலே மிதந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம், கலக்கினால் சரி. பழைய எண்ணெய் சிக்கு மணம் அடித்தால்தான் பழுது. எள்ளு ஒவ்வாத ஆட்கள் இருக்கிறார்கள், அந்த ஒவ்வாமை கடுமையாகவும் வரலாம். விருந்தாளிக்குக் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கிணறு செய்த வேலை

எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணி அதற்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது, வரும் வழியில் கல்சியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். கடலையின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அவிக்கும்போது அது கரைந்தால்தான் கடலை மாவாகும். கல்சியம் அந்தப் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. சுண்டலுக்கு இது கெடுதல் இல்லை, நல்லூர்த் திருவிழா நேரத்துக் கடலைச் சுண்டல் குழையாமல் மணிமணியாக நிற்க வேண்டுமே. ஹும்முஸுக்கு அது விஷம்.

கிணற்றுக்குக் கிணறு தண்ணி மாறும். உங்கள் கேத்திலைப் பார்த்தால் உங்கள் கிணற்றைத் தெரிந்துகொள்ளலாம். பொருக்கு அதிகமென்றால் இரண்டு வழி உண்டு. வடிகட்டிய குடிதண்ணி வாங்குபவராக இருந்தால் கடலை ஊற வைக்கவும் அவிக்கவும் அதையே பாவியுங்கள். வாங்காதவர்கள் கிணற்றுத் தண்ணியைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆற விட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் தண்ணியை மட்டும் வார்த்தெடுங்கள். கல்சியத்தில் ஒரு பங்கு பொருக்காகி அடியில் தங்கிவிடும்.

எந்தத் தண்ணியானாலும் அப்பச்சோடா வேண்டும். அது தண்ணிக்குக் காரத்தன்மை கொடுத்துப் பெக்டினைக் கரைய விடுகிறது, தோலையும் தளர்த்துகிறது. கூடப் போட்டால் சவர்க்காரம் மாதிரி ஒரு உருசி வரும், அதனால் அளவைத் தாண்ட வேண்டாம். புளிக்கு நேர்மாறான வேலை. தேசிக்காயோ பழப்புளியோ அவிக்கும் தண்ணியில் பட்டால் கடலை முறைத்துக்கொண்டு நிற்கும். புளியெல்லாம் அரைக்கும்போது.

செய்முறை

ஆறேழு பேருக்கு: வெள்ளைக் கடலை 250 கிராம், அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி (ஊற வைக்கப் பாதி, அவிக்கப் பாதி), தஹீனா 150 கிராம், தேசிக்காய் மூன்று, உள்ளி இரண்டு மூன்று பல்லு, உப்பு ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட, நற்சீரகத் தூள் அரைத் தேக்கரண்டி, ஐஸ் தண்ணி அரைக் கிளாஸ்.

இரவு படுக்கும் முன் கடலையைக் கழுவி, அதன் மூன்று மடங்கு உயரத்துக்குத் தண்ணி விட்டு, அரைத் தேக்கரண்டி சோடா கலந்து வையுங்கள். எட்டு மணித்தியாலம் போதும். எங்கள் சித்திரை, வைகாசி வெக்கையில் பன்னிரண்டு மணித்தியாலம் கிடந்தால் நுரைத்துப் புளித்துவிடும், அப்படியான நாட்களில் பிரிட்ஜுக்குள் ஊற வைக்கலாம்.

காலையில் அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, நன்றாகக் கழுவி, புதுத் தண்ணியில் மிச்சச் சோடாவோடு அடுப்பில் ஏற்றுங்கள். நுரை பொங்கி வரும், அகப்பையால் வழித்து எறியுங்கள். நுரையோடு தோலும் மிதந்து வரும், அதையும் எடுங்கள். பிரஷர் குக்கரில் அவிப்பதானால் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், திறந்தபடி கொதிக்க வைத்து நுரையை எடுத்த பிறகே மூடுங்கள். நுரையும் தோலும் ஆவித் துளையை அடைத்தால் ஆபத்து. திறந்த பானையில் முக்கால் மணித்தியாலமும் ஆகலாம், ஒன்றரையும் ஆகலாம். மணிக்கூட்டை நம்ப வேண்டாம், விரலை நம்புங்கள். ஒரு கடலையை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். இரண்டாகப் பிளந்தால் அது சுண்டல் பதம், இன்னும் அவிய வேண்டும். பிளக்காமல், பட்டர் மாதிரி விரலில் பூசிக்கொண்டு வழுக்கினால்தான் ஹும்முஸ் பதம். ஒரு கடலையை வைத்து முடிவெடுக்காமல் பானையின் வேறு வேறு இடத்திலிருந்து நாலைந்து பாருங்கள். குழைந்துவிடுமே என்ற பயம் எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது. இங்கே குழைய வேண்டும்.

வடித்து, ஒரு தடவை கழுவுங்கள். தோல் இன்னும் நிறைய ஒட்டியிருந்தால் பெரிய சட்டியில் தண்ணி விட்டு உள்ளங்கைகளால் மெல்லத் தேய்த்தால் தோல் மிதக்கும், சரித்து ஊற்றிவிடலாம். ஒவ்வொரு கடலையாக உரிக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு. நன்றாக அவிந்த கடலைக்கு அது வீண் வேலை. அலங்கரிக்க ஒரு பிடி முழுக்கடலையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

கடலை அவியும் நேரத்தில் உள்ளியை நசித்து, தேசிக்காய்ப் புளியிலும் உப்பிலும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். புளிக்குள் நசிந்த உள்ளியின் காரம் ஏறாது. நசித்து வெறுமனே வைத்தால் நேரம் போகப் போக உறைப்பு ஏறி, அடுத்த நாளும் வாயைவிட்டுப் போகாது. எங்கள் தேசிக்காய் அந்த நாடுகளில் பாவிக்கும் மஞ்சள் எலுமிச்சையைவிடக் கூர்மையான புளி, ஆகவே முதலில் இரண்டு காயின் புளியைப் போட்டு, மூன்றாவதை உருசி பார்த்துச் சேருங்கள்.

கடலையைச் சூடு ஆற முன்னரே கிறைண்டரில் போட்டுத் தனியாக அரையுங்கள். சூட்டில் நன்றாக அரைபடும், ஆறினால் மணி மணியாக நிற்கும். கொதிக்கக் கொதிக்கப் போட்டு மூடியை இறுக்க வேண்டாம், ஆவி மூடியைத் தூக்கும். கெட்டி விழுதாக வந்ததும் தஹீனா, வடித்த உள்ளிப்புளி, சீரகம் சேர்த்து மறுபடி ஓட விடுங்கள். இப்போது எல்லாம் இறுகி, திரைந்துவிட்டது போலத் தெரியும். பயப்பட வேண்டாம். தஹீனாவில் தண்ணி பட்டால் முதலில் இறுகும், இன்னும் விட்டால் இளகும், அது அதன் சுபாவம். ஐஸ் தண்ணியைக் கரண்டி கரண்டியாக விட்டு மூன்று நாலு நிமிடம் அரைத்துக்கொண்டே இருங்கள். நிறம் வெளிறி, பஞ்சு மாதிரி இலேசாகும். சூடாக இருக்கும்போது கொஞ்சம் தண்ணியாகத் தெரிந்தாலும் நல்லது, அரை மணித்தியாலத்தில் தானாக இறுகும்.

அம்மியில் அரைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அரைக்கலாம். அம்மம்மாவின் அம்மியில் ஒருதடவை அரைத்தேன், உருசிக்குக் குறையில்லை. ஆனால் அம்மியில் எத்தனை வருடத்துச் செத்தல் மிளகாய் ஊறியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். அன்றைக்கு என் ஹும்முஸுக்குத் தன்பாட்டில் உறைப்பு வந்தது.

சாப்பிடுவது

கோப்பையில் குவித்து வைக்காதீர்கள். தட்டையான பீங்கானில் போட்டு, கரண்டியின் முதுகால் சுழற்றி நடுவில் ஒரு பள்ளம் வையுங்கள். அந்தப் பள்ளத்தில் எண்ணெய், எடுத்து வைத்த முழுக்கடலை, மேலே கொஞ்சம் மிளகாய்த்தூள். கறித்தூள் வேண்டாம். எங்கள் வறுத்த கறித்தூள் விழுந்தால் கடலைக் கறியாகிவிடும். ஒலிவ் எண்ணெய் இருந்தால் அதுதான் முறை. இல்லாத நாளில் நான் நல்லெண்ணெய் விடுகிறேன். முறைப்படி பிழை, சாப்பாட்டுக்குப் பிழையில்லை.

அந்த நாடுகளில் இது முக்கியமாகக் காலைச் சாப்பாடு. இளஞ்சூடாக, பச்சை வெங்காயத்தோடும் ஊறுகாயோடும், தட்டை ரொட்டியைப் பிய்த்து வழித்துச் சாப்பிடுகிறார்கள். கரண்டி தேவையில்லை. வழித்துச் சாப்பிடும் கைப்பழக்கம் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதா?

தட்டை ரொட்டி இல்லையே என்று தேடி அலைய வேண்டாம். பின்னேரம் பேக்கரியிலிருந்து சூட்டோடு வரும் ரோஸ் பாணின் மொறுமொறுத்த கரைத் துண்டு இதற்கென்றே செய்தது போல இருக்கும். அவித்த மரவள்ளிக்கிழங்குக்கு இடிச்ச சம்பலுக்குப் பதிலாக வைத்துப் பாருங்கள். புழுக்கொடியலை முறித்துத் தோய்த்துக் கடித்தால், பனையின் மெல்லிய கைப்புக்குத் தஹீனா நன்றாக ஈடு கொடுக்கும். என்னைக் கேட்டால் அதுதான் முதலிடம். பராட்டாவோடு வேண்டாம், எண்ணெய்க்கு எண்ணெய் திகட்டும். புட்டோடு முயன்றேன், அதைப் பற்றிப் பேசாமல் விடுவோம்.

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மச்சம் சேராத வீடுகளில் இது பெரிய உதவி. உள்ளியும் சேர்க்காத விரதக்காரர் என்றால் தயங்காமல் உள்ளியை விட்டுவிடுங்கள். 13ஆம் நூற்றாண்டளவில் எகிப்தில் எழுதப்பட்ட சமையல் நூல்களிலேயே கடலை மசியல் இருக்கிறது. அதில் வினாகிரி, மூலிகை, வாசனைச் சரக்கு எல்லாம் வரும், உள்ளி வராது. யாராவது "உள்ளி இல்லாமல் ஹும்முஸா?" என்று கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

கடையில் வாங்குவதானால்

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் அளவின் வரிசையில்தான் போடப்படும். கடலைக்கு அடுத்தபடி தஹீனாவோ எள்ளோ வந்தால் வாங்கலாம். சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ முன்னுக்கு வந்து, எள்ளு கடைசி வரியில் ஒளிந்துகொண்டிருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள். சாப்பாட்டுக் கடையில் கேட்டு வாங்கினால், ரொட்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடாமல் நிற்க வேண்டும். வாயில் வைத்தால் முதலில் கடலை, பிறகு எள்ளு, கடைசியில் புளி. முதலிலேயே உள்ளி வந்து அடித்தால் அவர்கள் எதையோ மறைக்கிறார்கள். ஒருதடவை ஒரு கடையில் மயோனைஸ் கலந்த ஒன்றை ஹும்முஸ் என்று கொண்டுவந்து வைத்தார்கள். காசு கொடுத்துவிட்டு எழும்பி வந்தேன்.

மிச்சம்

எங்கள் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். மூடிய பாத்திரத்தில் மேலே எண்ணெய் ஒரு படை விட்டுப் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் நிற்கும். நீண்ட நேரம் கறண்ட் போன நாள் என்றால் அந்தக் கணக்கு செல்லாது. புளிச்ச வாசமோ நுரையோ கண்டால் எறியுங்கள். அடிக்கடி செய்பவர்கள் கடலையை மட்டும் கூட அவித்து, பங்கு பங்காக உறைய வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது வெந்நீரில் சூடாக்கி அரைத்தால் பத்து நிமிட வேலை.

நாலாம் நாள் அடியில் இரண்டு கரண்டி மிஞ்சும், பரிமாறவும் காணாது, எறியவும் மனம் வராது. அதில் வெந்நீர் கொஞ்சம் விட்டுக் கரைத்து, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, அவித்த மரவள்ளிக்கு மேலே ஊற்றினேன். அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்கு என்ன பேர் என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை.